1:24 நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு: மூல மாதிரி தயார், ரெசின் ஊற்ற மழைக்காலம் முடியக் காத்திருக்க வேண்டுமா?

குடந்தை ஹெரால்டு

நண்பர்களுக்கு வணக்கம். நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை 1:24 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். இந்த கார் சென்னையில் உருவானது என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கியது. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாயும். அடியில் தனிச் சட்டம், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடல் பகுதிகள். பிரிட்டனில் நான்கு கதவு வரவேயில்லை. அது இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1:32 அளவில் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரி கிட் இரண்டு கதவு வகை. ஆகவே நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய அந்த கார் வேண்டுமென்றால் தகட்டை வெட்டி நாமே செய்ய வேண்டியதுதான்.

ஹெரால்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 91.5 அங்குலம். 24ஆல் வகுத்தால் 96.8 மி.மீ. மொத்த நீளம் 153 அங்குலம், அதாவது மாதிரியில் ஏறக்குறைய 162 மி.மீ. கதவுகளின் பிளவுக் கோடுகளையும் பின் ஜன்னல் தூணின் சாய்வையும் தெரிந்தவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ஒரு காரில் நேரடியாக அளந்தேன். பக்கவாட்டுப் படங்களைத் தள்ளி நின்று, லென்ஸை நன்றாக நீட்டி எடுத்தேன். கிட்ட நின்று கைப்பேசியில் எடுத்தால் நடுப்பகுதி பெருத்தும் முனைகள் குறுகியும் விழும். அந்தப் படத்தை வைத்து வரைந்த எந்தக் கோடும் உண்மையான காரோடு ஒத்துப்போகாது.

மூல மாதிரி 1 மி.மீ. பாலிஸ்டைரின் தகட்டால் ஆனது. குறுக்கே தடுப்புகள் வைத்து, மேலே பட்டைகள் ஒட்டி, பட்டி பூசித் தேய்த்தது. மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு கார் கேட்கிறார்கள். எனவே சிலிகான் அச்சு எடுத்து பாலியூரித்தேன் ரெசினில் வார்க்க வேண்டும். வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. சுவரில் கை வைத்தால் ஈரம். இப்போது ஊற்றலாமா, தை மாதம் வரை பொறுக்கலாமா?

நாகை உப்புக்காற்று

கடற்கரையில் இருந்துகொண்டு வார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மழைக்காலத்திலும் ஊற்றலாம். ஆனால் ஈரம் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஊற்ற வேண்டும்.

பாலியூரித்தேன் ரெசினில் இரண்டு புட்டிகள். ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் பாலியால். ஐசோசயனேட்டுக்குத் தண்ணீர் மேல் தீராத பசி. இரண்டும் சேர்ந்தால் கரியமில வாயு பிறக்கும். 18 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 24 லிட்டர் வாயுவைத் தரும். இதை நம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு தண்ணீர், கண்ணுக்கே தெரியாத அளவு, 13 மில்லிலிட்டர் வாயு ஆகிவிடும். நீங்கள் ஊற்றுவது 20 கிராம் ரெசின் என்றால் அதன் கன அளவே 19 மில்லிலிட்டர்தான். வார்த்த காரின் கூரை முழுவதும் நுரையாகப் பொங்குவதற்கு இந்தக் கணக்கே காரணம். பலர் கலக்கும்போது புகுந்த காற்று என்று நினைத்துக்கொண்டு மெதுவாகக் கலக்கிப் பார்ப்பார்கள். காற்றுக் குமிழி ஊற்றியவுடனே தெரியும். ஈரத்தால் வரும் நுரை ரெசின் சூடேறிக் கெட்டியாகும் நேரத்தில் கிளம்பும். எந்த நேரத்தில் வந்தது என்று கவனித்தாலே எது என்று சொல்லிவிடலாம்.

இந்தத் தண்ணீர் அறைக் காற்றிலிருந்து நேரடியாக ரெசினுக்குள் பாய்வது குறைவு. ஊற்றி முடிக்க ஆவது சில நிமிடங்கள்தான். உண்மையான வாசல்கள் வேறு. காகிதக் கோப்பை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஐஸ்கிரீம் குச்சியும் அப்படித்தான். அச்சில் தூவும் டால்கம் பவுடரிலும் ஈரம் இருக்கலாம். எல்லாவற்றையும்விட, பாதி தீர்ந்து மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்த பாலியால் புட்டி. ஆகவே பாலிபுரொப்பிலீன் கோப்பை, எஃகுக் கரண்டி, வாணலியில் வறுத்து ஆறவைத்த டால்கம் பவுடர். அச்சை ஊற்றுவதற்கு முன் 50 அல்லது 60 டிகிரி வெப்பத்தில் சிறிது நேரம் வைத்து, தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் நிலைக்கு ஆறவிட வேண்டும். புட்டிகளைச் சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைக்க வேண்டும். நீல நிற ஜெல் வெளிறி இளஞ்சிவப்பானால் அடுப்பில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். அரிசி போட்டு வைக்கும் பழக்கம் நம் வட்டாரத்தில் இருக்கிறது. அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு. ரெசினுக்கு அது உதவாது.

இன்னொன்று, 3ஏ வகை மாலிக்யூலர் சீவ் என்ற தூள் கிடைக்கிறது. பாலியாலில் கொஞ்சம் கலந்து வைத்தால் அதிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

நுரைக்கு அஞ்சி வேனிலுக்குத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு: சித்திரை வெயிலில் வேறு தொல்லை உண்டு. 25 டிகிரியில் மூன்று நிமிடம் தரும் ரெசின் 37 டிகிரியில் அதில் பாதிகூடத் தராது. கூரைத் தூண்களுக்குள் இறங்குவதற்கு முன்பே கட்டியாகிவிடும். டெல்டாவில் இரண்டும் ஒத்துவரும் காலம் மாசி, பங்குனி மாதங்களின் பிற்பகல். காலையில் ஊற்றாதீர்கள், பனி இருக்கும்.

ஹரித்ராநதி

மன்னார்குடியிலிருந்து. இவ்வளவு பாடு எதற்கு? ஃபைபர் வேலை செய்கிற பட்டறைகளில் பாலியஸ்டர் ரெசின் கிலோ கணக்கில் கிடைக்கிறது. விலையும் பாலியூரித்தேனைவிட மிகக் குறைவு. தண்ணீரைக் கண்டால் நுரைக்காது. கெட்டியாக்க ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். நான் டிராக்டர் மாதிரிகளின் மட்கார்டும் பானெட்டும் இதில்தான் வார்க்கிறேன்.

நாகை உப்புக்காற்று

ஐயா, டிராக்டர் மட்கார்டுக்குச் சரி. முழு கார் உடலுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பாலியஸ்டர் கெட்டியாகும்போது கன அளவில் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். 6 சதவீதம் என்று வைத்தால் நீளத்தில் 2 சதவீதம். 162 மி.மீ. உடலில் 3 மி.மீ. போய்விடும். அதுவும் ஒரே சீராகப் போனால் பொறுத்துக்கொள்ளலாம். தடித்த இடம் அதிகம் சூடாகி அதிகம் இழுக்கும், மெல்லிய தூண்கள் வளைந்துவிடும். அதிலுள்ள ஸ்டைரீன் சிலிகான் அச்சையும் விரைவில் கெடுக்கும். பாலியூரித்தேனில் முப்பது வார்ப்பு தாங்கும் அச்சு இதில் அவ்வளவு காலம் நிற்காது.

முக்கியமானது: ஆக்சிலரேட்டராக வரும் கோபால்ட் திரவத்தையும் கேட்டலிஸ்ட்டாக வரும் பெராக்சைடையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்ட பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு சொட்டையும் ஒரே கிண்ணத்தில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஹரித்ராநதி

எச்சரிக்கை நியாயமானது, ஏற்கிறேன். என் பதிவில் அதைச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று, கல்தூளோ டால்கம் பவுடரோ நிறையச் சேர்த்தால் சுருக்கம் குறைகிறது. சுவர் மெல்லியதாக இல்லாத பாகங்களுக்கு, உதாரணமாக இருக்கைகள், டிக்கியின் உட்தளம் போன்றவற்றுக்கு, பாலியஸ்டர் போதும். எல்லோரும் விலை கொடுத்து பாலியூரித்தேன் வாங்கும் நிலையில் இல்லை.

பலாக்கட்டை

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். வார்ப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மூல மாதிரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. சிலிகான் எதையும் மன்னிக்காது. விரல் ரேகை விழுந்திருந்தால் விரல் ரேகையும் வார்ப்பில் வரும். எனவே அச்சு எடுப்பதற்கு முன் உடல் முழுவதும் சாம்பல் நிற பிரைமர் அடித்து, மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்து பாருங்கள். கூரையில் பள்ளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும்.

பட்டி விஷயத்தில் ஒரு வார்த்தை. கார் டிங்கரிங் பட்டறைகளில் இருவகைப் பட்டி உண்டு. என்சி பட்டி ஒரே பொருள், காற்றில் காய்வது. காயக் காயச் சுருங்கும், தடிமனாகப் பூசினால் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்று ஹார்டனர் கலக்கும் பாலியஸ்டர் பட்டி. பெரிய பள்ளத்துக்கு இதுதான். என்சி பட்டியை உப்புத்தாள் கீறலை நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எம்-சீல் நல்ல பொருள். வைப்பர் அடித்தண்டு, கதவுக் கைப்பிடி போன்ற சிறு உருவங்களைப் பிசைந்து செய்யலாம். ஆனால் அது எபாக்சி என்பதை நினைவில் வையுங்கள். காரணத்தைக் கீழே யாராவது சொல்வார்கள்.

கதவுக் கோடுகளுக்கு பேனாக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். கத்தி பிளாஸ்டிக்கை இரு பக்கமும் தள்ளி மேடாக்கும். பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் கூர்முனை ஊசியைக் கொக்கிபோல் வளைத்துக்கொண்டு இழுத்தால் பிளாஸ்டிக் சுருளாக வெளியே வரும், கோடு சுத்தமாக விழும். குடந்தையில் இருப்பவருக்கு நான் பொற்கொல்லர் கருவியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவர்களின் ஊசி அரங்களைவிட நல்ல அரம் மாதிரிக் கலைக்கென்று தனியாக விற்பதில் கிடைக்காது.

என் முறை வேறு. பலா மரத் துண்டில் உடலைச் செதுக்கி, சீலர் பூசி மூடி, அதன்மேல் சூடாக்கிய தகட்டை வெற்றிடத்தால் இழுத்து உறையாக எடுப்பேன். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. அந்த மரம் உளிக்கு இணங்கும், சிறு துண்டுகளும் இங்கே கிடைக்கும். தகட்டு உறை மெல்லியதாக வருவதால் ஜன்னல் ஓரங்கள் உண்மையான கார்போல் இருக்கும். குறை என்னவென்றால் சக்கர வளைவின் உள்மடிப்பும் மழைநீர்த் தடமும் மழுங்கிவிடும். அவற்றைத் தனியாக ஒட்ட வேண்டும்.

வெண்ணாறு

நான் இந்தக் கலைக்குப் புதியவன், கல்லூரி மாணவன். எல்லோரும் தேய்ப்பது, செதுக்குவது என்று சொல்கிறீர்கள். இப்போது ரெசின் முப்பரிமாண அச்சுப்பொறி வந்துவிட்டதே. கணினியில் வரைந்து அச்சிட்டால் மூல மாதிரியே தேவையில்லை அல்லவா? நான் ஹெரால்டின் சக்கரத்தை அப்படிச் செய்தேன், பொருத்தமாக வந்தது. ஆனால் அதன்மேல் பிளாட்டினம் வகை சிலிகான் ஊற்றியபோது ஒட்டிய பக்கம் மட்டும் பிசினாகவே நின்றுவிட்டது. காரணம் புரியவில்லை.

நாகை உப்புக்காற்று

தம்பி, சக்கரம் நன்றாக வந்ததற்குப் பாராட்டு. பிசினாக நின்றதற்குக் காரணம் இது: சிலிகான் ரப்பரில் இரு குடும்பங்கள். டின் வகை விலை குறைவு, கேட்டலிஸ்ட் சில சதவீதமே சேர்ப்பது. அது கெட்டியாகக் காற்றிலுள்ள ஈரம் தேவை, ஆகவே நம் ஊருக்கு ஏற்றது. எதன்மேலும் கெட்டியாகும். ஆனால் காலப்போக்கில் கொஞ்சம் சுருங்கும், சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும். பிளாட்டினம் வகை அளவு மாறாது, நெடுநாள் நிற்கும். ஆனால் அதற்கு விஷங்கள் பல. கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, டின் சிலிகான் மிச்சம், எபாக்சியிலுள்ள அமீன், முழுதாகக் கெட்டியாகாத அச்சுப்பொறி ரெசின். இவற்றில் எது தொட்டாலும் அந்த இடம் கெட்டியாகாது. பலாக்கட்டை அண்ணன் எம்-சீல் பற்றிச் சொல்லாமல் விட்ட காரணமும் இதுதான்.

அச்சிட்ட சக்கரத்தை ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ முழுதாகக் காயவைத்து, அக்ரிலிக் தெளிவு லாக்கர் அடித்துவிட்டு ஊற்றுங்கள். முதலில் ஒரு சொட்டுச் சிலிகானை மறைவான இடத்தில் வைத்துச் சோதியுங்கள். அல்லது டின் வகைக்கே போய்விடுங்கள்.

குடந்தை ஹெரால்டு

வெண்ணாறு தம்பிக்கு, கையால் செய்வதா கணினியா என்ற கேள்விக்கு என் பதில். சக்கரம், ஹப் கேப், ஸ்டியரிங் வளையம் போன்று வட்டமாகவும் திரும்பத் திரும்ப ஒன்றாகவும் வர வேண்டியவற்றுக்கு அச்சுப்பொறி அல்லது லேத். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உடல் வேறு சமாச்சாரம். நான்கு கதவு ஹெரால்டுக்கு வரைபடம் எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. அளவை நாமே எடுக்க வேண்டும். பின் கதவின் மேல் ஓரம் எங்கே இறங்கத் தொடங்குகிறது என்பதைக் காரின் அருகே நின்று, கையால் தடவி, கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடிந்தது. அதைக் கணினியில் வரைவதற்கும் அதே உழைப்பு வேண்டும். தகட்டில் செய்தால் தவறான வளைவு மேசையிலேயே தெரிகிறது, உடனே தேய்க்கலாம். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லா வளைவும் சரியாகவே தோன்றும். எதில் செய்தாலும் காரை நேரில் பாருங்கள் என்பதே நான் வலியுறுத்துவது.

இப்போது என் அடுத்த சிக்கல் கிரில். ஒவ்வொரு கம்பியும் 1:24இல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ரெசினில் வார்த்தால் அச்சிலிருந்து எடுக்கும்போதே முறிகிறது. என்ன செய்வது?

அரசலாறு

நான் சுவாமிமலைப் பக்கம். சிற்பப் பட்டறைகளில் வேலை நடப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். கிரில் பற்றிய கேள்வியைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அங்கே ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடிக்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கு. உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, தாலம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று பிரிப்பார்கள். ஒடிஓலை என்று பெயர். நாம் 24ஆல் வகுப்பதை அவர்கள் மடிப்பால் செய்கிறார்கள். பிறகு மெழுகின்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். நகைகளின் நுணுக்கமெல்லாம் இந்த முதல் பூச்சில்தான் பதியும். அது நிழலில் காய்ந்த பிறகு கரடான மண், அதன்மேல் கம்பிக் கட்டு. வறட்டியின் சூட்டில் மெழுகு உருகி வெளியேற, அந்த இடத்தில் உலோகம். மண்ணை உடைத்தால் சிலை. ஒரு மெழுகுக்கு ஒரு அச்சு, ஒரு அச்சுக்கு ஒரு சிலை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முதல் பூச்சு. சிலிகானையும் மொத்தமாகக் கொட்டாதீர்கள். முதலில் மென்மையான தூரிகையால் கிரில் இடுக்குகளிலும் கதவுக் கோடுகளிலும் மெல்லிய பூச்சு கொடுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மீதியைப் பெட்டியின் ஒரு மூலையில், உயரத்திலிருந்து நூல்போல் ஊற்றுங்கள். நூலாக இறங்கும்போது பெரிய குமிழ்கள் வழியிலேயே உடைந்துவிடும்.

கிரிலுக்கு என் ஆலோசனை: ரெசினை விட்டுவிடுங்கள். 0.2 மி.மீ. பித்தளைத் தகடு வாங்கி அமிலம்போல் அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் வெட்டுங்கள். லேசர் பிரிண்டரில் கிரில் படத்தை எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தகட்டின் இரு பக்கமும் டோனரை ஒட்டவைத்தால், டோனர் மூடிய இடம் நிற்கும், மற்றது கரையும். சர்க்யூட் போர்டு செய்பவர்கள் பயன்படுத்தும் அதே திரவம், மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தீர்ந்த திரவத்தில் செம்பு கலந்திருக்கும், அது மீனைக் கொல்லும். வாய்க்காலிலோ சாக்கடையிலோ தயவுசெய்து ஊற்றாதீர்கள். சோடா உப்பு போட்டு நுரை அடங்கும்வரை முறித்து, அடியில் படியும் சேற்றைச் சிமென்டில் குழைத்துக் கட்டியாக்கி அப்புறப்படுத்துங்கள். நம் வாய்க்கால்கள் எல்லாம் யாரோ ஒருவரின் வயலுக்குத்தான் போகின்றன.

குடந்தை ஹெரால்டு

அரசலாறு அவர்களே, மிக்க நன்றி. பித்தளைக் கிரில் என்று முடிவு செய்துவிட்டேன். பம்பரையும் கிரிலையும் உடலோடு சேர்க்காமல் தனித்தனியாக வார்த்துப் பொருத்துவதால் வண்ணம் அடிப்பதும் எளிது.

கல்லணைக் கால்வாய்

ஒரு சந்தேகம். குமிழ்களை ஒடுக்க அழுத்தத்தில் வார்ப்பது நல்லது என்கிறார்கள். அழுத்தப் பாத்திரம் விலை அதிகம். வீட்டில் பழைய பெரிய பிரஷர் குக்கர் இருக்கிறது. மூடியில் வால்வு மாற்றி, பஞ்சர் கடை கம்ப்ரசரால் காற்று ஏற்றலாமா?

நாகை உப்புக்காற்று

வேண்டாம். குக்கர் வேலை செய்வது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், அதற்குமேல் போகாதபடி வெயிட்டும் பாதுகாப்பு வால்வும் வெளியேற்றிவிடும். ரெசின் வார்ப்புக்கு 40 முதல் 60 பவுண்டு தேவை. வால்வை மாற்றி அந்த அழுத்தத்தை ஏற்றினால் மூடி எந்த நொடியிலும் கிளம்பும். பெயின்ட் தெளிக்கும் அழுத்தத் தொட்டி ஒன்றைத் தேடுங்கள். அதன்மேல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பொறித்திருக்கும், அதற்குக் குறைவாகவே பயன்படுத்துங்கள். கிடைக்கவில்லையென்றால் அழுத்தமே இல்லாமல் வார்க்கலாம். ஊற்றுவாயை ஒரு முனையிலும் காற்று வெளியேறும் வழிகளை எதிர்முனையின் உயரமான இடங்களிலும் வைத்து, அச்சைச் சாய்த்துப் பிடித்து ஊற்றுங்கள். டால்கம் பவுடர் தூவி, உள்ளே மூலைகளில் தூரிகையால் ரெசினைத் தொட்டுவிட்டு ஊற்றினால் பெரும்பாலான குமிழ்கள் வராது.

அழுத்தத்தில் வார்ப்பவருக்கு ஒரு விதி: சிலிகான் அச்சையும் அதே அழுத்தத்தில்தான் கெட்டியாக்க வேண்டும், அல்லது வெற்றிடத்தில் குமிழ் நீக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிகானுக்குள் மறைந்திருக்கும் குமிழ்கள் அழுத்தத்தில் அமுங்கி, வார்ப்பின் மேல் பருக்கள் எழும்பும். வெற்றிடத்துக்குப் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசரைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நிதானமாக இழுத்தாலும் வேலை நடக்கிறது.

சுவாசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு சிறு அளவே ஆஸ்துமாபோல் இழுப்பைத் தரும், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் நீங்குவதில்லை. துணி முகக்கவசமும் தூசிக்கான முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது. கரி நிரம்பிய ஆவி வடிகட்டி உள்ள முகக்கவசம் வாங்குங்கள். மழை பெய்கிறதே என்று எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள். வார்த்த பாகத்தைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டே தேயுங்கள்.

ஹரித்ராநதி

வேறொரு கேள்வி, கொஞ்சம் சங்கடமானது. வெளிநாட்டில் ஒரு சிறு தயாரிப்பாளர் விற்கும் ரெசின் சக்கரங்கள் என்னிடம் உள்ளன. மிக அழகானவை. அவற்றிலிருந்து அச்சு எடுத்து நம் குழுவுக்கு வார்த்துத் தரலாம் என்று சிலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் இறக்குமதிச் செலவு மிச்சம்.

பலாக்கட்டை

கூடாது என்பது என் கருத்து. அந்தச் சக்கரத்தின் ஆரங்களை ஒருவர் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். நமக்கு அச்சு எடுக்க ஒரு மாலை போதும், அவருக்கு மூல மாதிரி செய்ய எவ்வளவு காலம் ஆனது என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நம்மில் ஒருவர் செய்த ஹெரால்டு உடலை வேறொருவர் நகலெடுத்து விற்றால் எப்படி இருக்கும்?

ஹரித்ராநதி

விற்கப் போவதில்லை, பகிரத்தான்.

பலாக்கட்டை

பகிர்ந்தாலும் அவருக்கு வர வேண்டிய விற்பனை போகிறது. உங்கள் கிட்டில் உடைந்துபோன ஒரு பாகத்தை உங்கள் காருக்காக மட்டும் வார்த்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் அனுப்பும் செலவு பிரிந்துவிடும். நானும் ஒரு தொகுப்புக்குப் பணம் தருகிறேன்.

ஹரித்ராநதி

சரி, அப்படியே செய்வோம். என்னை ஒருங்கிணைக்கச் சொன்னால் செய்கிறேன்.

வெண்ணாறு

என் சக்கரத்தின் கணினிக் கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஹெரால்டுக்கு 13 அங்குலச் சக்கரம். வளையத்தின் பெயரளவு விட்டம் 1:24இல் 13.8 மி.மீ. வாங்கும் டயர்கள் 1:25 கிட்டுக்கானவையா என்று பாருங்கள். நான்கு சதவீத வித்தியாசம் சிறிதுபோலத் தோன்றும், ஆனால் வளையத்தில் டயர் ஏறாது.

குடந்தை ஹெரால்டு

மழை விட்டு, தை பிறந்த பிறகு எழுதுகிறேன். நாகை நண்பர் சொன்னபடி அச்சைச் சூடாக்கி, வறுத்த பவுடர் தூவி, பிற்பகலில் ஊற்றினேன். உடல் நுரையின்றி வந்தது. கூரையில் ஊசிமுனைக் குமிழ்கள் சில இருந்தன, சூப்பர் குளூவால் நிரப்பித் தேய்த்தேன்.

அடுத்து செய்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். சிலிகானும் ரெசினும் சேர்ந்து சுருங்கியதில் என் வார்ப்பு மூல மாதிரியைவிட நீளத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முன் கண்ணாடியை மூல மாதிரியின் அளவுக்கு வடிவமைத்தால் வார்ப்பில் உட்காராது. எனவே கண்ணாடிக்கான அச்சுக்கட்டையை வார்ப்பிலிருந்தே எடுங்கள். சட்டம், இருக்கைத் தளம் எல்லாவற்றுக்கும் இதே விதி.

இரண்டாவது, கூரைத் தூண்கள். அச்சிலிருந்து அவசரமாக எடுத்தால் உடல் லேசாக விரிந்து வளையும். அப்படி விரிந்தால் கவலை வேண்டாம். 60, 70 டிகிரி வெந்நீரில் வைத்தால் ரெசின் இளகும்; கையால் நேராக்கி, கண்ணாடித் தகட்டின்மேல் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்தால் அப்படியே நிற்கும். இதே காரணத்தால் முடித்த காரை ஓட்டுக் கூரைக்குக் கீழே பரணிலோ, வெயிலில் நிற்கும் உண்மையான காருக்குள்ளோ வைக்காதீர்கள். வண்ணம் அடிப்பதற்கு முன் பாத்திரம் துலக்கும் திரவத்தால் நன்றாகக் கழுவுங்கள். சிலிகானின் எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பிரைமர் உரிந்து வரும்.

நண்பர்களுக்கான உடல்களை இந்த வாரம் வார்த்துவிடுவேன். பித்தளைக் கிரிலுக்கான படத்தை வரைந்து முடித்துவிட்டேன். அரசலாறு, இரு பக்க டோனரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழ நீங்கள் எப்படிப் பொருத்துகிறீர்கள்?

அரசலாறு

இரண்டு தாள்களையும் முகத்துக்கு முகம் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, மூன்று மூலைகளில் குறிகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். மூன்று ஓரங்களையும் ஒட்டி உறைபோல் ஆக்கி, தகட்டை உள்ளே நுழைத்த பிறகு இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். தகட்டை முன்பே நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்திருக்க வேண்டும். தாளை உரிக்காதீர்கள், தண்ணீரில் ஊறவிட்டு விரலால் உருட்டி எடுங்கள். படத்தை அனுப்புங்கள், கம்பிகளின் அகலத்தை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அரிக்கும்போது பக்கவாட்டிலும் கரையும் என்பதால் கொஞ்சம் அகலமாகவே வரைய வேண்டியிருக்கும்.